உங்களுக்குத் தெரியுமா? – குசினி வழியாக ஸ்பானிய மொழி

அக்கரப்பத்தனை லயத்துப் பிள்ளை ஒருத்தி ஸ்பானிய மொழி பேசும் குடும்பமொன்றோடு ஒரு செமஸ்டர் தங்கிப் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொழி தெரியாதே என்று முதல் நாளே அவள் கலங்க வேண்டியதில்லை. பாணை அங்கேயும் 'பான்' என்றுதான் சொல்வார்கள். அதை வைக்கிற மேசை 'மேசா'. குசினி 'கோசினா'. முகம் துடைக்கிற துவாய் 'தோவாயா'. சப்பாத்து 'சப்பாத்தோ', கமிசு 'கமீசா', அலுமாரி 'அர்மாரியோ', வாங்கு 'பாங்கோ'. எல்லாம் 1505இல் இலங்கைக் கரைக்கு வந்து 1658இல் வெளியேறிய போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் நமக்கு இந்த இலவசப் பாடம்.

*

ஆனால் கதிரையில் மட்டும் கவனம் தேவை. நம் கதிரை போர்த்துக்கேய 'கதெய்ரா'விலிருந்து வந்தது. ஸ்பானிய மொழியில் கிட்டத்தட்ட அதே ஒலியில் 'கதேரா' என்றொரு சொல் உண்டு, பொருள் இடுப்பு. "உங்கள் கதேராவில் உட்காரலாமா?" என்று வீட்டம்மாவிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. நாற்காலிக்கு அவர்கள் சொல் 'சியா'. பார்சிலோனாவில் கட்டலான் மொழி பேசும் வீடு வாய்த்துவிட்டால் இந்தக் கவலையும் இல்லை. அந்த மொழியில் கதிரை 'கதீரா'வேதான்.

*

லயத்தில் நாம் வாழும் அறைக்குப் பெயர் காம்பரா. சிங்களத்தில் காமரய. மூலம் போர்த்துக்கேய 'காமரா'. மெக்சிக்கோவில் படுக்கையறையை இன்றும் 'ரெகாமரா' என்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களை வீடுகளில் தங்கவைக்கும் திட்டங்களில் பல கேட்கிற ஒரு நிபந்தனை, மாணவருக்கென்று ஒரு தனி அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறு பேர் படுத்தெழும்பிய நமக்கு, சொல்லின் உறவு மட்டும்தான் கிடைத்தது.

*

படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அதைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இன்றைய முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற முதலாம் உலகப்போர் வீரர், 1923இல் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்ஸுக்கு அழைத்துப் போனார். அவர்களைத் தங்கவைத்தது பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில். இன்று அமெரிக்க மாணவர்கள் அதிகம் தேடிப் போகும் முதல் மூன்று நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. மற்ற இரண்டும் இத்தாலியும் பிரித்தானியாவும்.

*

ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள் அல்லர், அம்புலன்ஸ் சாரதிகள்! 1915இல் பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களைச் சுமந்த அமெரிக்கத் தொண்டர்கள் அவர்கள். இரண்டு உலகப் போர்களிலும் வண்டி ஓட்டிய பிறகு, 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்தார்கள்.

*

தலவாக்கலையிலிருந்து லிந்துலை தாண்டி அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏறுகிறவர், வழிநெடுகத் தோட்டப் பெயர்களை வாசித்துக்கொண்டே வரலாம். ஹோல்புரூக், பெல்மோரல், சென்றிங்ஹாம், கிளாஸ்கோ, வேவர்லி. ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மலைமேல் ஏறி உட்கார்ந்த பெயர்கள். இவற்றில் வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞனை 'கிரீப்பர்' என்பார்கள். அனுபவமுள்ள துரையின் பங்களாவில் தங்கி, அதற்குப் பணமும் கட்டி, தொழிலையும் தமிழையும் ஒன்றாகக் கற்றுக்கொள்வான். ஒரு வகையில் இதுவும் வெளிநாட்டு செமஸ்டர்தான்.

அவன் கையில் இருந்த பாடப்புத்தகம் எது தெரியுமா? கொழும்பு பெர்குசன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட சின்னத்துரைக்கான தமிழ்க் கையேடு. அதன் பெயர் 'இங்கே வா'. பின்னாளில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு பாடநூலுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. ஒரு மொழியைக் கற்கத் தொடங்குகிறவன் 'வணக்கம்' என்று தொடங்கலாம், 'உங்கள் பெயர் என்ன?' என்று தொடங்கலாம். இவன் ஏவலில் தொடங்கினான். காலையில் ஆளெண்ணும் பிரட்டுக்களத்தில் நின்று பழகிய தமிழ் அது, அடுப்படியில் பழகியதல்ல. முப்பது வருடம் இந்த மலையில் இருந்துவிட்டு, தமிழில் ஒரு துக்க வீட்டில் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் கப்பலேறிய துரைமாருக்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

*

மெக்சிக்கோ வீட்டில் பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவு. "மாந்தே?" என்று கேட்க வேண்டும். நேர்ப்பொருள்: "கட்டளையிடுங்கள்." அங்கே தங்கப் போகும் மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தரப்படும் சொல் இது. காலனிக்கால எசமானர்களுக்குப் பணிந்த நாக்கின் மிச்சம் இது என்று வெறுக்கிற மெக்சிக்கர்களும் உண்டு, வெறும் பண்பான பேச்சுத்தானே என்பவர்களும் உண்டு. "சொல்லுங்க தொர" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சண்டை நன்றாகவே விளங்கும்.

*

'நீ'யும் 'நீங்க'ளும் ஸ்பானிய மொழியிலும் உண்டு: 'தூ', 'உஸ்தெத்'. ஆர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்'. வேடிக்கை என்னவென்றால் கொஸ்தா ரிக்காவிலும் கொலம்பியாவின் பல பகுதிகளிலும் மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' வீட்டுக்குள்ளேயே புழங்குகிறது. புருஷன் பெண்சாதியை, தாய் பிள்ளையை, ஏன், நாய்க்குட்டியைக்கூட 'நீங்க' போட்டு அழைப்பார்கள். பாசம் வந்தால் 'ங்க' ஓடிவிடும் என்ற நம் கணக்கு அங்கே செல்லாது.

*

நம் பொடியன்கள் ஒருவரையொருவர் 'மச்சான்' என்பார்கள். ஸ்பெயின் பொடியன்கள் 'தீயோ' என்பார்கள். பொருள்: மாமா.

*

தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிய இலக்கணம் சில இடங்களில் ஆங்கிலத்தைவிட எளிது. ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல் இல்லாமல் வாக்கியம் நடக்காது. தமிழில் 'பேசுகிறேன்' என்றால் போதும், யார் என்பது விகுதியிலேயே இருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் 'ஆப்லோ' என்றால் போதும், 'நான்' அதற்குள்ளேயே உண்டு.

அதைவிட அழகானது இன்னொன்று. ஆங்கிலேயன் தேநீரை 'விரும்புகிறான்', அவன்தான் எழுவாய். நாமோ 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்' என்கிறோம். பிடிப்பது தேத்தண்ணியின் வேலை, நாம் பிடிபடுகிறவர்கள். ஸ்பானிய மொழியில் 'மே குஸ்தா எல் தே'. 'மே' என்றால் 'எனக்கு'. தலைவலியும் அப்படித்தான்: எனக்குத் தலை வலிக்கிறது, 'மே துவேலே லா கபேசா'. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதும் இந்த 'எனக்கு'வை நம் பிள்ளைகள் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறார்கள்.

*

அந்த 'தே'யைக் கவனித்தீர்களா? சீனாவின் பூஜியன் கரையோர மக்கள் இந்த இலையை 'தே' என்றார்கள். கடல் வழியாகப் போன இடங்களில் பெரும்பாலும் 'தே', தரை வழியாகப் போன இடங்களில் 'சாய்'. ஸ்பானியர் வாயிலும் நம் தேயிலையிலும் தேத்தண்ணியிலும் இருப்பது அதே சீனக் கரையோரச் சொல்தான். நமக்கு இவ்வளவு சொல் தந்த போர்த்துக்கேயர் மட்டும் இதில் கட்சி மாறி 'ஷா' என்கிறார்கள். அவர்கள் வாங்கியது மக்காவோ பக்கத்துத் துறைமுகங்களில்; அங்கே வழங்கிய சொல் 'சா'.

*

'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை அழுத்தி உருட்டி 'பெற்ரோ' என்பதுபோலச் சொன்னால் 'நாய்'. ர, ற என்று இரண்டு எழுத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு பேச்சில் ஒன்றாக்கிவிட்ட நமக்கு இது பழைய கணக்கு. கரியையும் கறியையும் குழப்புகிறவர் அங்கேயும் நாயிடம் மாட்டுவார்.

*

'பாப்பா' என்று முதலசையை அழுத்தினால் தென் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. கடைசியசையை அழுத்தினால் அப்பா. நுவரெலியா மண்ணில் நாம் நட்டுப் பிழைக்கும் கிழங்கின் பிறந்த வீடு அந்த ஆண்டிஸ் மலைதான். பெயரும் அங்கிருந்த கெச்சுவா மக்களின் சொல்.

*

ஆண்டிஸிலிருந்து நம் மலைக்கு வந்த இன்னொரு விருந்தாளி கொய்னா. காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்பு மருந்தின் மரம், சிங்கோனா. 1861இல் ஹக்கலயில் தோட்டம் போட்டதே இந்த மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். இன்று அங்கே ரோசாப்பூவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு அது நினைவில் இருக்காது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு தோட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்தபோது, தேயிலை காலூன்றும்வரை துரைமார் பலர் சிங்கோனாவை நட்டுத் தப்பினார்கள். அந்த மரத்துக்குப் பெயர் ஸ்பானிய ஊரான சிஞ்சோனிலிருந்து வந்தது. பெருவை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் மனைவி, அவ்வூர்ச் சீமாட்டி, இந்தப் பட்டையால் காய்ச்சல் தெளிந்தாள் என்றொரு கதையை நம்பித் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தார். கதைக்கு ஆதாரம் தேறவில்லை. பெயரில் ஒரு எழுத்தையும் அவர் விட்டுவிட்டார். இரண்டு பிழைகளோடும் பெயர் நிலைத்துவிட்டது.

*

நம் கோயில்களில் சவேரியாராக நிற்கிற பிரான்சிஸ் சேவியரும் ஒரு காலத்தில் மொழி தெரியாத விருந்தாளிதான். இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ராக்காரர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். இந்த ஊர் மக்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, என் தாய்மொழியோ பாஸ்க் என்று தம் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். ஸ்பானிய மொழிகூட அவர் வீட்டு மொழி இல்லை! போர்த்துக்கேயம் அறிந்த தமிழர்களைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு அர்த்தம் 'புது வீடு'.

*

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். அப்போது போர்த்துக்கலின் அரியணையில் இருந்தவர் ஸ்பெயினின் அரசர். 1580 முதல் 1640 வரை இரண்டு முடியும் ஒரே தலையில்.

*

ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞர் ஒருவர் இலங்கையில் குடியிருந்தார். சிலி நாட்டின் தூதரக அலுவலராக 1929இல் கொழும்புக்கு வந்த பாப்லோ நெரூதா, வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையோடு வாழ்ந்தார். அவர் இறந்த பின் 1974இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில், வீட்டுக் கழிப்பறை வாளியைத் தூய்மை செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைத் தாம் பலாத்காரம் செய்ததை அவரே எழுதியிருக்கிறார். அவளிடம் பேச அவருக்கு மொழி இல்லை; அவள் பெயரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயரைச் சூட்டும் யோசனை 2018இல் எழுந்தபோது சிலியின் பெண்கள் எதிர்த்து நின்றது இந்தப் பக்கத்தைக் காட்டித்தான். அசோக ஹந்தகமவின் 'அல்பொராதா' (2021) திரைப்படம் அவருடைய இலங்கை வாழ்க்கையைப் பற்றியது.

*

இலங்கையே விருந்து வீடாக இருந்த திட்டமும் உண்டு. 1982இல் தொடங்கிய 'ஐல்' திட்டத்தின்கீழ் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கண்டிப் பக்கம் வந்து, குடும்பங்களோடு தங்கி, சிங்களம் கற்றார்கள். தமிழ் கற்க நினைக்கும் அமெரிக்க மாணவர் போவது பெரும்பாலும் மதுரைக்கு. அங்கேயும் குடும்பங்களோடு தங்கும் ஏற்பாடு உண்டு. சமையலறையில் நின்று கேட்டுக் கேட்டு, 'சாப்டாச்சா'வை வகுப்புக்கு வெளியே கற்றுக்கொள்வார்கள். எழுத்துத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அது 'சாப்பிட்டாயிற்றா' என்றுதான் இருக்கும்.

*

நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போவது ஏன் கனவிலும் வரவில்லை? காசு இரண்டாவது காரணம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு ஏது கடவுச்சீட்டு? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக ஆட்களைப் பங்குபோட்டது. எஞ்சியவர்களின் கணக்கைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். ஐரோப்பாவில் எரஸ்மஸ் திட்டம் 1987இல் 3,244 மாணவர்களோடு தொடங்கி எல்லைகளைக் கடந்துகொண்டிருந்த நாட்களில், இங்கே சிலருக்குத் தாங்கள் எந்த நாட்டவர் என்ற விடை வந்திருக்கவில்லை. இன்று அதே எரஸ்மஸின் விரிவாக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களும் சேரலாம். இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே உடன்படிக்கை இருந்தால் ஒரு செமஸ்டர் போய்வர உதவித்தொகை உண்டு. பேராதனையிலும் கொழும்பிலும் படிக்கிற நம் பிள்ளைகள் தங்கள் பீட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

*

அதற்கிடையில், அந்நியர் வீட்டில் தங்கி மொழி கற்றவர்கள் மலையகத்தில் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பயணத்துக்கு முந்திய பயிற்சியில் கேட்ட அறபுச் சொற்கள் ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் அந்த வீட்டுக் குசினியில் கற்றவை. குழந்தை அழுதால் என்ன சொல்வது, மாடம் கோபத்தில் இருக்கிறாளா அலுப்பில் இருக்கிறாளா, கிழவிக்கு எந்த மாத்திரை எப்போது என்று தொடங்கி, இரண்டு வருடத்தில் அயல்வீட்டுக் கதை வரை வந்துவிடுவார்கள். கல்லூரி மாணவிக்கு ஆங்கிலத்தில் 'இமர்ஷன்' என்று பெயர் சொல்லி, புள்ளிகள் கொடுத்து, பட்டச் சான்றிதழில் எழுதுகிறார்கள். அவள் கடவுச்சீட்டு அவள் பையிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் வேறு வீடு கேட்கலாம். நம் அக்காமாரில் எத்தனையோ பேருக்குக் கடவுச்சீட்டு எசமானின் அலுமாரிக்குள். அவர்கள் கற்ற அறபு எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஊர் திரும்பியபின் பஸ் தரிப்பிடத்தில் தெரிந்தவள் ஒருத்தியைக் கண்டால் மட்டும், பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காமல் இரகசியம் பேசப் பயன்படுகிறது.

*

ஸ்பெயின் வீட்டில் மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு; இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு. சாப்பிட்டு முடிந்ததும் எழும்பி ஓடக் கூடாது. தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு அப்படியே இருந்து பேசுவதற்கு 'சோப்ரேமேசா' என்று தனிச் சொல்லே உண்டு. மேசைமேல் என்று பொருள். மாணவர்கள் மொழி படிக்கும் உண்மையான வகுப்பு இதுதான் என்பார்கள் போய்வந்தவர்கள்.

*

வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல, ஆங்கிலச் சொல்லை ஸ்பானியமாக்கி 'எம்பராசாதா' என்று சொல்லாதீர்கள். கர்ப்பமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அன்றிரவு சோப்ரேமேசா நீளும்.

*

ஆர்ஜென்டினாவும் தேயிலை நாடு. வடகிழக்கு மூலையில் மிசியோனெஸ் மாகாணத்துச் செம்மண்ணில் விளைகிறது. பெரும் பகுதி அமெரிக்காவில் ஐஸ் டீயாகப் போகிறது. அங்கே கொழுந்து பறிக்கும் கை இல்லை. செடி நிரைகளின்மேல் இயந்திரம் ஓடுகிறது. கூடை, படங்கு, கொழுந்து நிறுக்கும் தராசு, அதில் கழிக்கிற கிலோ, அதைப் பற்றிய சண்டை எதுவும் கிடையாது. ஆர்ஜென்டினாக்காரர் தாங்கள் குடிப்பதோ பெரும்பாலும் 'மாத்தே', வேறொரு மரத்தின் இலை. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சி, சுற்றியிருக்கும் எல்லாருக்கும் முறை வரும். நன்றி என்று சொன்னால் 'எனக்குப் போதும்' என்று பொருள். பண்புக்கு முதல் வாயிலேயே நன்றி சொன்ன மாணவருக்கு இரண்டாம் வாய் கிடைக்காது.

*

சிலியில் மட்டும் தேத்தண்ணிதான் ராசா. லத்தீன் அமெரிக்காவில் ஆளுக்கு அதிகம் தேநீர் குடிப்பவர்கள் அவர்கள். மாலையில் பாணும் வெண்ணெயும் அவக்காடோவும் வைத்துக் குடிக்கிற அந்த வேளைக்குப் பெயர் 'ஒன்சே'. ஒன்சே என்றால் பதினொன்று. 'அகுவார்தியெந்தே' என்ற சாராயத்தின் பெயரில் பதினொரு எழுத்து. குடிக்கப் போவதைப் பெண்டாட்டிக்கு மறைக்க ஆண்கள் 'பதினொன்று எடுக்கப் போகிறோம்' என்றார்கள் என்பது அவர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. பல வீடுகளில் இரவுச் சாப்பாடே இதுதான். கடைகளில் விற்கும் பெட்டிகளில் 'செய்லான்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம் நாட்டின் பழைய பெயர்.

சந்தியாகோவில் குளிர்கால இரவு எட்டு மணிக்கு ஒன்சே நடக்கையில், அக்கரப்பத்தனையில் மறுநாள் அதிகாலை ஐந்தரை. அங்கே வீட்டம்மா இரண்டாவது கோப்பையை மாணவியின் பக்கம் தள்ளிவைக்கிறாள். இங்கே பிரட்டுக்குப் போகுமுன் அடுப்பில் கேத்தல் கொதிக்கிறது.